நம்பர் இல்லாத கட்டை

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கட்டை நலம். உன் நலமும், அத்தானுடைய முட்டி வலியின் நலமும் அறிய ஆவல்.

நீ போனில் கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்த குரல் இது. நான் ரகசியம் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் செல்லக் குட்டிம்மா (பெண்டாட்டி என்று எழுதவே இப்போது பயமாக இருக்கிறது) மகளைப் பார்க்க மூன்று நாள் போயிருந்தாள். அந்த மூன்று நாளில் நான் பின்பக்கத்து மாமரத்தை வெட்டிவிட்டேன். தினமும் தண்ணீர்த் தொட்டியில் இலை விழும். தினமும் நான்தான் அள்ள வேண்டும். அவள் அந்த மரத்தடியில்தான் தையல் மெஷினைப் போட்டு உட்காருவாள் என்பது, சத்தியமாக, மரம் விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கிடந்த மரத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுல ஏதாவது முளைச்சா சொல்லி அனுப்புங்க, வரேன்" என்றாள். அடுத்த பஸ்ஸிலேயே மகள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த மேடையில் நிற்கும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன் அக்கா. வாய்ப் பழக்கம்.

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கல்யாணமான புதிதில் அவள் எனக்கு வைத்த பேர் கட்டை. அன்றைக்கு அதைச் சொல்லிக்கூடத் திட்டவில்லை.

வெட்டிப்போட்ட மரத்தில் என்ன முளைக்கும்? நீ எப்போதும் எதையாவது படித்துக்கொண்டே இருப்பவள். பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
இந்தக் கட்டை


ஜனவரி 10

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். அத்தானின் முட்டி மட்டும் நாளைக்கு மழையா வெயிலா என்று இன்றைக்கே சொல்லிக்கொண்டிருக்கிறது.

உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன், பாவமாக இருந்தது, கிழித்துவிட்டேன். திட்டு விழுந்ததாக வைத்துக்கொள்.

வெட்டின மரத்தில் காளான் முளைக்கும். கேலி பண்ணவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து நோட்டில் பதினோரு பக்கம் குறிப்பு எழுதிவிட்டேன். மாமரம் சிப்பிக் காளானுக்கு நன்றாக ஒத்துப்போகுமாம். கை நீளத்துக்கு அறுத்துத் துண்டு போடு. பட்டை உரியக் கூடாது. பட்டைதான் அதற்குச் சட்டை, உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். வெறும் மண்ணில் போடாதே, செங்கல் மேல் வை. மண்ணில் இருக்கிற கண்ட பூஞ்சையும் நமக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முக்கியமான விஷயம். கட்டை உடனே வேலைக்கு ஆகாது. உள்ளே இருக்கிற எதிர்ப்பு அடங்க வேண்டும். ஆகவே கட்டை இரண்டு வாரம் நிழலில் படுத்து ஓய்வெடுக்கட்டும். வெயில் படக் கூடாது. உருட்டிப் புரட்டித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

குட்டிம்மாவிடம் மூச்சு விடாதே. நீ சொல்லும் எதையும் இப்போது அவள் நம்ப மாட்டாள். முளைக்கட்டும், கண்ணால் பார்க்கட்டும்.

காலைப் பிரார்த்தனையில் உன்னையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுதியபடி மரத்தை ஏழு துண்டாக அறுத்துச் செங்கல் மேல் வைத்துவிட்டு, இரண்டு வாரம் ஓய்வெடுத்தேன். முதல் மூன்று நாள் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் இடுப்பு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தச்சர் தினமும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பதினாலாவது நாள் பொறுக்க முடியாமல் உள்ளேயே வந்துவிட்டார்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லே. எதிர்ப்பு அடங்கணுமாம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அக்கா எழுதியிருக்கு. உருட்டிப் புரட்டாதீங்க."

உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், இது மரக்கட்டைய்யா! பின்னாடி கிடக்குதே, அது!" அவ்வளவு பெரிய மீசை குலுங்கி நான் பார்த்ததில்லை.

நீ ஏன் தெளிவாக எழுதக் கூடாது? 'கட்டை படுத்து ஓய்வெடுக்கட்டும், வெயில் படக் கூடாது.' யார் படித்தாலும் என்னைத்தான் நினைப்பார்கள்.

இந்தக் கட்டை


ஜனவரி 31

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். முட்டி வலியை மறந்து எழுந்து நின்று சிரித்தார். அதுவரைக்கும் லாபம்.

நல்லவேளை, நீ படுத்திருந்த நாளெல்லாம் மரக்கட்டைகளும் சும்மாதான் கிடந்திருக்கின்றன. இனிமேல் குழப்பம் வேண்டாம். ஏழு கட்டைக்கும் சாக்கட்டியால் ஒன்று முதல் ஏழு வரை நம்பர் போடு. நான் கட்டை என்று எழுதினால் பக்கத்தில் கண்டிப்பாக நம்பர் இருக்கும். நம்பர் இல்லாத கட்டை நீ ஒருவன்தான். பிரார்த்தனைக்கும் அது வசதி. பெயரும் நம்பரும் இல்லாமல் மொத்தமாக வேண்டினால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

பார்சலில் வருவது காளான் வித்து. விதை மாதிரிப் பொடியாக இருக்காது. விரல் நீள மர ஆப்புகள், காளானின் வெள்ளை இழை ஊறிப் படர்ந்தவை. மரத்தில் துளை போட்டு, ஆப்பை அடித்து இறக்கி, வாயை உருக்கின மெழுகால் மூட வேண்டும். ஒரு வரிசைக்குள் ஆப்புக்கு ஆப்பு ஒரு சாண். வரிசைக்கு வரிசை நான்கு விரல். அடுத்த வரிசையின் துளை முந்தினதுக்கு நேராக வராமல் நடுவில் வர வேண்டும். உனக்கு எல்லாமே நேராக இருக்க வேண்டும், அதனால் படம் வரைந்திருக்கிறேன். கையைக் கழுவிவிட்டுத் தொடு.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி ஆப்பு வைத்தாயிற்று. தச்சர் துளை போட்டார், நான் அவருடைய கொட்டாப்புளியை வாங்கி அடித்தேன். மரச் சுத்திதான், ஆனால் என்ன கனம்! "சர்வீஸ்ல இருந்தப்போ எல்லாரும் எனக்கு வெச்சாங்க, இப்பதான் நான் வெக்கிறேன்" என்றேன். தச்சர் சிரிக்கவில்லை. முதல் தடவை சொன்னபோது சிரித்தார். எண்பத்து நாலு ஆப்புக்கும் சொன்னேன் என்கிறார்.

மெழுகைக் குட்டிம்மாவின் பால் பாத்திரத்தில் உருக்கினேன். இது உனக்கும் எனக்கும் மட்டும்.

ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை. நேற்று இரண்டாம் நம்பரில் ஒரு மெழுகைப் பெயர்த்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆப்பு ஆப்பாகவே இருக்கிறது. உயிர் இருக்கிறதா, போய்விட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கட்டை


ஏப்ரல் 2

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உடனே அந்தத் துளையை மெழுகால் மூடு. வேறு பாத்திரத்தில்.

இப்போது நடப்பதற்குப் பெயர் ஓட்டம். ஆப்பிலிருந்து வெள்ளை இழை புறப்பட்டு மரத்துக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மரம் முழுக்கப் பிடிக்கிற வரை வெளியே ஒன்றும் காட்டாது. நான்கு மாதம் ஆகலாம், ஆறு ஆகலாம். அறுத்த முனையில் வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் ஓட்டம் நடக்கிறது என்று அர்த்தம். பச்சையாகத் தெரிந்தால் அது வேறு பூஞ்சை, அந்தத் துண்டைத் தனியே தள்ளி வை. வாரம் இரண்டு தடவை தண்ணீர் தெளி. மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு இரு. டார்ச்சைத் தச்சரிடம் கொடுத்துவிடு.

குட்டிம்மாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதையும் நோட்டில் ஓட்டம் என்ற தலைப்பில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா


மே 9

அண்ணிக்கு வணக்கம்.

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமா? உங்கள் மூன்று கடிதமும் கிடைத்தன. மூன்றிலும் உங்கள் தம்பியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

தண்ணீர்த் தொட்டி இப்போது கண்ணாடி மாதிரி இருக்கும். இலைதான் இல்லையே. முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், தலையில் மிச்சம் இருந்தால்.

பிரஷர் மாத்திரை அலமாரியில் இரண்டாவது தட்டில், இடது பக்கம், பட்டன் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. கட்டைக்கு அது தெரியாது. தெரியாவிட்டால் எனக்கென்ன வந்தது? உங்கள் தம்பி, நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

இங்கே மகளும் மருமகனும் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜன்னல் பக்கம் சுவர்தான் தெரிகிறது. சுவரில் இலை விழாது.

குட்டிம்மா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை கிடைத்தது. பட்டன் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

இனி காளான் வேண்டாம். நாலாம் நம்பர் முனையில் வெடித்துவிட்டது. தட்டினால் டொக் டொக் என்று காலி டப்பா மாதிரிச் சத்தம். தூக்கி நிழலுக்குள் தள்ளப் பார்த்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. ஐந்து நாளாகக் குப்புறத்தான் கிடக்கிறேன். இந்தத் தடவை உன் கடிதத்தைத் தப்பாகப் படித்து அல்ல.

மகள் எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு அங்கேயே ஒரு தையல் மெஷின் பார்த்திருக்கிறார்களாம், மாதக் கடைசியில் வாங்கப் போகிறார்களாம். மெஷின் வாங்கிவிட்டால் அவள் வர மாட்டாள் அக்கா. பழைய மெஷினுக்கு வாரம் ஒரு தடவை எண்ணெய் விட்டுத் துடைத்து மூடி வைக்கிறேன். இதை அவளுக்கு எழுதிவிடாதே.

இருபத்தைந்தாம் தேதி விறகுக் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். ஏழையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

இந்தக் கட்டை


ஜூன் 15

கடவுள் துணை

மதிப்பிற்குரிய தச்சர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமா? நேரில் பழக்கமில்லாத நான் எழுதுவதைத் தவறாக நினைக்க வேண்டாம். கட்டை விஷயமாக எழுதுகிறேன்.

இந்த ஆறு மாதத்தில் கட்டை நன்றாகக் காய்ந்துவிட்டது. தலைப்பக்கம் வெடிப்பு விட்டிருக்கிறது. தட்டினால் சத்தமே சரியில்லையாம். இப்படியே விட்டால் பிழைக்காது. உள்ளே உயிர் இருக்கிறது, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கேட்பாரில்லாமல் அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே தயவுசெய்து தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கட்டையை முழுசாக உள்ளே இறக்கிவிடுங்கள். முதலில் மிதக்கும், மேலே வரப் பார்க்கும். பாவம் பார்க்காமல் ஒரு பெரிய கல்லைத் தூக்கி மேலே வையுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே கிடக்கட்டும். பிறகு வெளியே எடுத்துத் தலைகீழாக நிறுத்தி, கொட்டாப்புளியால் ஓங்கி இரண்டு போடுங்கள். கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதிர்ச்சி கொடுத்தால்தான் விழித்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது.

அதற்கும் அசையாவிட்டால் விறகுக் கடைக்குக் கொடுத்துவிடலாம். இருபத்தைந்தாம் தேதி வருகிறார்கள்.

தங்கள் குடும்பத்துக்கும் பிரார்த்தனை செய்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் அக்கா


ஜூன் 19

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என் விலாசத்துக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் இன்றைக்குக் காலையில் கிடைத்தது. உறையில் என் பெயர்தான் இருந்தது. உள்ளே 'என் செல்லக் குட்டிம்மா' என்று ஆரம்பித்தது. என்னை இதுவரைக்கும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, என் சம்சாரம் உட்பட.

கோபத்தை விட்டுவிட்டு வீடு வந்து சேரும்படியும், தம்பி என் தையல் மெஷினுக்கு வாராவாரம் எண்ணெய் விட்டுத் துடைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். என் சம்சாரம் இரண்டு தடவை படித்துவிட்டு, "என்னய்யா நடக்குது அந்த வீட்டுல?" என்று கேட்டாள். ஏதோ உறை மாறிவிட்டது என்று நினைக்கிறேன். கடிதத்தை உங்கள் தம்பியிடம் கொடுக்கத்தான் அவர் வீட்டுப் பின்பக்கம் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. உங்கள் தம்பி வீட்டுத் தங்கச்சிதான் இறங்குகிறார்கள். கையில் ஒரு காகிதம். சத்தம் போட்டுக்கொண்டே வருகிறார்கள். என்னைப் பார்த்துத்தான் வருகிறார்கள் போல. மிச்சம் பிறகு.

தச்சர்


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதினைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இப்படி நீ இருந்ததே இல்லை.

அன்றைக்கு நடந்ததைக் கேள். நான் பின்பக்கத்து பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தேன். அப்போதுதான் குளித்திருந்தேன், தலையெல்லாம் ஈரம். பக்கத்தில் தச்சர், மடியில் கொட்டாப்புளி. குட்டிம்மா பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, தண்ணியில முக்கியாச்சா! அடிச்சும் ஆச்சா?"

"யாரை தங்கச்சி?" என்றார் தச்சர்.

"எந்தக் கல்லை வெச்சீங்க? சொல்லுங்க, எந்தக் கல்லு? எழுதினவங்களுக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு, செய்யறவருக்கு எங்கே போச்சு? விறகுக் கடைக்கா குடுப்பீங்க? என் புருஷன்யா அது!"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "அசையாதீங்க! வெடிப்பு எங்கே?" என்று என் தலையைத் தடவினாள். அக்கா, ஆறு மாதத்துக்குப் பிறகு பேசுகிறாள். நான் வெடிப்பு எங்கும் இல்லை என்று சொல்ல அவசரப்படவில்லை.

தச்சர் ஏழு கட்டையையும் காட்டி விளக்கினார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவள் நாலாம் நம்பரிடம் நின்றாள். அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற அடிமரம் அது. தைக்கும்போது குண்டூசியை அதில்தான் குத்தி வைப்பாளாம். பட்டையில் துருப்பிடித்து ஒன்று இன்னும் இருக்கிறது. நான் அந்த மரத்தை அத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், ஊசியைப் பார்த்ததில்லை.

"தொட்டியை ரொப்புங்க" என்றாள்.

அவள் கையில் இருந்த, தச்சருக்கு நீ எழுதின கடிதத்தை வாசிக்க வாசிக்கத் தச்சர் செய்தார். நாலாம் நம்பர் மிதந்தது, துவைக்கிற கல்லைத் தூக்கி வைத்தார்கள். தொட்டி முழுக்கப் பட்டைத் தூள், பாசி, சருகு. மறுநாள் வெளியே எடுத்து நிறுத்தினதும் கொட்டாப்புளியை அவளே வாங்கிக்கொண்டாள். நீ இரண்டு அடி என்று எழுதியிருந்தாய். பதினொன்று போட்டாள். முதல் இரண்டுதான் காளானுக்கு. தொட்டியை நான் முதுகைப் பிடித்துக்கொண்டு கழுவினேன்.

விறகுக் கடைக்காரர் வந்தார். அவளைப் பார்த்தார். போய்விட்டார்.

ஏழாம் நாள் காலையில், "பட்டையில நான் ஒரு ஊசிதானே குத்தினேன், இத்தனை இருக்கு!" என்று கத்தினாள். குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாகக் கொத்து. நான்கு நாளில் அது அடுக்கடுக்காக என் கையகலம் விரிந்துவிட்டது அக்கா. பறித்துச் சமைத்தாள். சாப்பிட்டோம். "முளைச்சிருச்சு" என்றாள். எழுந்துபோய்ப் பையை எடுத்தாள். பஸ் நேரம் தொண்டை வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். பைக்குள்ளிருந்து பாதி தைத்த துணியை எடுத்துக்கொண்டு போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

"ஒரு கட்டை எத்தனை வருஷம் குடுக்கும்னு அண்ணியைக் கேளுங்க. அதுவரைக்கும் இருக்கேன்" என்றாள். மகளிடம் மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது என் கேள்வி. நீ ஐந்து பைசா கறிவேப்பிலைக்கும் தேதி போட்டுக் கணக்கு எழுதுகிறவள். எந்த உறையையும் மாற்றிப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. தச்சர் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார், எனக்கு எழுதியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். இதையெல்லாம் விடு. ஜனவரியிலிருந்து நம்பர் போடாமல் நீ கட்டை என்று எழுதினதே இல்லை. அந்தக் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு நம்பர்கூட இல்லை.

உண்மையைச் சொல் அக்கா. உறை எப்படி மாறியது?

இந்தக் கட்டை

(பால் பாத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.)


ஜூலை 8

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கும் குட்டிம்மாவுக்கும்,

இங்கே சுகம். உன் கடிதம் கிடைத்த அன்றைக்கு அத்தானின் முட்டி வெயில் என்றது, வெயிலே அடித்தது.

குட்டிம்மா கேட்டதற்கு: ஒரு கட்டை மூன்று வருஷம் கொடுக்கும், தடிமனாக இருந்தால் நான்கு. நாலாம் நம்பர் தடிமன். பட்டை கழன்று, மரம் பஞ்சு மாதிரி ஆகும்போது அதன் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்குள் வேறு கட்டைக்கு ஆப்பு வைத்துவிட்டால் கணக்கு முடியவே முடியாது.

ஒரு தடவை கொடுத்தபின் கட்டை ஆறு வாரம் ஓய்வெடுக்க வேண்டும். நாலாம் நம்பர் கட்டை. நீ இல்லை. நீ எழுந்து தொட்டியைக் கழுவு. அடுத்து ஒன்றையும் ஐந்தையும் ஊற வையுங்கள். அடி இரண்டே இரண்டுதான் குட்டிம்மா, மீதியை வேறு இடத்தில் வைத்துக்கொள்.

மெழுகு பிடித்த பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆற விட்டால் மெழுகு மேலே மிதந்துவிடும்.

தம்பி, உறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் பொய் எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே அதற்குப் பதில் எழுத முடியாதபடி தாள் முடிந்துவிட்டது.

அக்கா

பின்குறிப்பு: தச்சர் வீட்டு அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அடுத்த கொத்துக் காளானை அவர்களுக்குக் கொடு.

இன்னொன்று: மூன்றாம் நம்பரின் முனையில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்து எழுது. அந்தப் பக்கம் நோட்டில் காலியாக இருக்கிறது.

மற்றொன்று: ஜனவரியிலிருந்து காலைப் பிரார்த்தனையில் எட்டுக் கட்டைக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து ஏழுக்கு மட்டும்தான். நம்பர் இல்லாததைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது.